இராணி எறும்பைத் தேடி

மழைக்குப் பேர்போன தைப்பிங்கில் ஒரு மாலைப் பொழுது. பெருமழை ஓய்ந்து புழுக்கம் கூடியிருந்தது. முன்வாசல் விளக்கைச் சுற்றிச் சிறகுள்ள பூச்சிகள் மொய்த்தன.

“ஈசல் வந்துவிட்டது, விளக்கை அணைத்துவிடு ஐயா,” என்றார் பாட்டி.

படிவம் இரண்டில் பயிலும் பேரன் குனிந்து உற்றுப் பார்த்தான். ஈசலின் நான்கு சிறகுகளும் ஏறக்குறைய ஒரே நீளம் கொண்டவை. இவற்றுக்கோ முன்சிறகுகள் நீண்டிருந்தன, இடை ஒடுங்கியிருந்தது, உணர்கொம்புகள் முழங்கைபோல் மடிந்திருந்தன.

“இவை எறும்புகள், பாட்டி!”

அவன் தேடியது பறப்பவற்றை அன்று. இணைசேர்ந்த இராணி தன் சிறகுகளை உதிர்த்துவிட்டுக் கூடமைக்க இடம் தேடித் தரையில் ஓடும். பூச்சட்டியின் ஓரத்தில் அத்தகைய கட்டெறும்பு இராணி ஒன்று அகப்பட்டது. அதன் பருத்த மார்பில் சிறகுகள் இருந்த தழும்பு தெரிந்தது.

சோதனைக்குழாயின் அடியில் நீர் ஊற்றிப் பஞ்சால் அடைத்தான். இராணியை உள்ளே விட்டு, வாயையும் பஞ்சால் மூடி, இருண்ட இழுப்பறையில் வைத்தான். சென்ற ஆண்டு பிடித்த இராணி அவன் நினைவுக்கு வந்தது. ஆர்வம் தாங்காமல் நாள்தோறும் கைவிளக்கை அடித்துப் பார்த்தான். அமைதி இழந்த இராணி, தான் இட்ட முட்டைகளையே தின்றுவிட்டது. அக்குற்றவுணர்வு அவனை விட்டு நீங்கவில்லை. இம்முறை வாரத்திற்கு ஒருமுறை மட்டுமே பார்ப்பதென உறுதி பூண்டான்.

“இத்தனை நாள் பட்டினியா கிடக்கும்?” என்று பாட்டி கவலைப்பட்டார்.

“இனி அது பறக்காது, பாட்டி. சிறகுகளை அசைத்த தசைகள் கரைந்து சத்தாக மாறும். அதைக் கொண்டுதான் முதல் புழுக்களுக்கு ஊட்டும்.”

பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. “பெற்றவள் எங்கும் பெற்றவள்தான்,” என்றார்.

ஏழாம் வாரம் இழுப்பறையைத் திறந்தபோது, வழக்கத்தைவிடச் சிறிய வேலைக்கார எறும்புகள் மூன்று இராணியைச் சூழ்ந்திருந்தன. ஒரு துளி சர்க்கரை நீர் வைத்தான். ஓர் எறும்பு அதைப் பருகித் திரும்பி, இராணியின் வாயோடு வாய் வைத்து ஊட்டியது.

இராணி எறும்புகள் நெடுநாள் வாழ்பவை. கறுப்புத் தோட்ட எறும்பு இனத்து இராணி ஒன்று வளர்ப்பில் 28 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்துள்ளது. அதை அறிந்த பேரன் இழுப்பறையை ஓசையின்றி மூடினான். பொறுப்பு இப்போதுதான் தொடங்கியிருந்தது.