சிறுதேரும் இருப்புப்பாதையும்

பிள்ளைத்தமிழ் பயின்றோர் சிறுதேர்ப் பருவத்தை நன்கு அறிவர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் அது. பாட்டுடைத் தலைவர் எத்துணைப் பெரியவராயினும் அவரைக் குழந்தையாக்கி, அவர் கையில் ஒரு சிறு தேரைக் கொடுத்து உருட்டுமாறு வேண்டுவது புலவர்தம் மரபு. இசுலாமியப் புலவர்கள் யாத்த பிள்ளைத்தமிழ் நூல்களிலும் அம்மரபு உண்டு. இவற்றுக்கெல்லாம் பன்னூறு ஆண்டுகள் முற்பட்டது குறுந்தொகையின் 61ஆம் பாடல். தச்சன் செய்து தந்த சிறு குதிரைவண்டியில் ஏறிச் செல்ல முடியாவிட்டாலும், அதனைக் கையிற் பற்றி இழுத்தே மகிழும் பிள்ளைகளைத் தும்பிசேர்கீரனார் அதில் காட்டுகின்றார். இப்பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர் உள்ளம் அப்பிள்ளைகளிடமே செல்லும். தச்சனைப் பற்றி எவரும் வினவுவதில்லை. பெருந்தேர் செய்ய வல்ல ஒருவன், ஏறவும் இயலாத ஒரு சிறு வண்டிக்காகத் தன் உளியை ஏன் எடுத்தான்? இவ்வினா எமக்குத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. அத்தகைய தச்சர் ஒருவர் ஆறாண்டுகளாக எம் வீட்டு மாடியறையில் அமர்ந்திருக்கின்றார். அவர் எம் காக்கா.

காக்கா வளைகுடா நாட்டில் இருபத்தாறு ஆண்டுகள் லேத்துப் பட்டறையில் உழைத்து ஊர் திரும்பியவர். திரும்பியதும் கடை வைப்பார் என்று உறவினர் எதிர்பார்த்தனர். அவரோ எட்டடி நீள மேசை ஒன்றைச் செய்வித்து, அதன்மேல் ஒரு தொடர்வண்டிப் பெட்டியைச் செய்யத் தொடங்கினார். மரச்சட்டத்தில் தகரம் அடித்த பொம்மை அன்று; உள்ளதை உள்ளவாறே 87இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்யும் படிமம். ஜும்ஆ முடிந்து வரும் பெரியவர்கள், “இந்த வயதில் பிள்ளை விளையாட்டா?” என்று கேட்பதுண்டு. மைனிக்கு வருத்தம் வேறு வகையானது. ஊரில் இருக்கும் மனிதர் மாடியை விட்டு இறங்குவதில்லையே என்பது.

உலகில் இக்கலைக்கு நூற்றாண்டு கடந்த வரலாறு உண்டு. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891ஆம் ஆண்டிலேயே பொம்மைத் தொடர்வண்டிக்கு அளவு வகுத்தது. ஹாம்பர்க் நகரில் 2001இல் திறக்கப்பட்ட சிற்றுலகக் காட்சியைக் காண நாடுகள் பலவற்றிலிருந்தும் மக்கள் வருகின்றனர். நம் நாட்டில் புனே நகரின் கோத்ருட் பகுதியில் பாவுசாகேப் ஜோஷி என்பார் அமைத்த சிற்றுருத் தொடர்வண்டி அருங்காட்சியகம் 1998இல் திறக்கப்பெற்றது. ஒரு சிறு நகரத்தினூடே பல வண்டிகள் ஒரே வேளையில் தத்தம் வழியில் ஓடுவதை அங்கே காணலாம். காக்கா அதைக் கண்டு வந்து விவரித்தபோது எமக்கு இடலாக்குடி சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரின் நினைவு வந்தது. நூறு செயல்களில் ஒருங்கே கவனம் செலுத்திய அப்பெருமகனார் நம் மண்ணில் பிறந்தவர் என்பதை இளைய மாணவர் எத்தனை பேர் அறிவரோ!

இனி, காக்கா செய்யும் பெட்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். நாஞ்சில் நாட்டுக்கு இருப்புப்பாதை வந்தது மிகவும் பிந்தித்தான். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு 1979இலும், திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு 1981இலும் வண்டி ஓடத் தொடங்கியது. அதற்கு முன் வண்டியேற விரும்பிய எம் வாப்பா தலைமுறையினர் பேருந்தில் திருவனந்தபுரமோ திருநெல்வேலியோ சென்றாக வேண்டும். வந்த பாதையும் முதலிலிருந்தே அகலப்பாதை; மீட்டர் பாதை நம் மாவட்டம் அறியாத ஒன்று. அப்பாதையில் பம்பாய்க்குச் சென்ற ஜெயந்தி ஜனதா விரைவுவண்டியில்தான் நம் ஊர் இளைஞர் பலர் வளைகுடாவுக்கு விமானமேறப் புறப்பட்டனர். 1992இல் காக்காவும் அதிலேதான் சென்றார். அவருக்கு அகவை இருபத்தொன்று, எமக்குப் பன்னிரண்டு.

அந்நாளில் ஓடிய பெட்டிகள் சென்னைப் பெரம்பூர் இணைப்புப்பெட்டித் தொழிலகத்தின் வார்ப்பு. சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் வடிவமைப்பைக் கொண்டு 1955இல் தொடங்கிய அத்தொழிலகம், அவ்வகைப் பெட்டிகள் செய்வதை 2018இல் நிறுத்திவிட்டது. இன்று வருவன ஜெர்மானிய வடிவமைப்பில் அமைந்த நீண்ட பெட்டிகள். ஆக, காக்கா செய்வது மறைந்துகொண்டிருக்கும் ஒரு பொருளின் படிமம். மெய்ப்பெட்டியின் உடல் நீளம் 21,337 மில்லிமீட்டர்; மேசைமேல் அது 245 ஆகிறது. அகலம் 3,245 என்பது 37 ஆகிறது. இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கையும் உண்டு. திருவனந்தபுரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் இடையிலுள்ள பாதை ஏறத்தாழ 87 கிலோமீட்டர். 87இல் ஒரு பங்காக்கினால் சரியாக ஒரு கிலோமீட்டர். அத்துணை பெரிய மேசை எவரிடத்தும் இல்லை.

பக்கச் சுவர்கள் அரை மில்லிமீட்டர் அட்டையில் வெட்டப்பட்டவை. படுக்கைப் பெட்டியில் ஒன்பது அறைகள், அறைக்கு இவ்விரண்டு சன்னல்கள். ஒவ்வொரு சன்னலுக்கும் குறுக்குக் கம்பிகள். மின்கம்பியை உரித்து உள்ளிருக்கும் செம்பு இழைகளைத் தனித்தனியே பிரித்து, சாமணத்தால் பிடித்து ஒட்டுகின்றார். ஒரு பக்கம் முடிக்க நாற்பது நாள் ஆயிற்று. நுண்ணிய அரங்களும் துளையிடும் ஊசிகளும் வடசேரியில் பொற்கொல்லர்க்குக் கருவி விற்கும் கடையில் வாங்கியவை. கோயில் நகை செய்யும் கைகளுக்கான கருவி இரும்புப்பெட்டிக்கும் உதவுகிறது என்று கடைக்காரர் வியந்தாராம். மேற்கூரையின் வளைவைத் தேக்குத் துண்டில் செதுக்கியெடுத்தார். வண்ணம்தான் பெரும்பாடு. அன்றைய பெட்டி செங்காவி நிறத்தது. நீலம் பின்னர் வந்தது. ஆனால் எந்தச் செங்காவி? வீட்டிலுள்ள ஒரே நிழற்படம் வெளிறிப் போயிற்று. எட்டுக் கலவைகளை அட்டைத் துண்டுகளில் பூசி வெயிலில் வைத்து, எம்மையும் அழைத்து, “நீயும்தானே அன்றைக்கு நின்றாய், சொல்!” என்றார். யாம் ஐந்தாவதைச் சுட்டினோம். அவர் மூன்றாவதைத் தேர்ந்தார்.

இவற்றினும் பெரிய சிக்கல் சக்கரத்தில் இருக்கின்றது. இவ்வளவில் உலகெங்கும் விற்கும் ஆயத்தத் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் 1,435 மில்லிமீட்டர் பாதையின் சுருக்கம். நம் அகலப்பாதையோ 1,676. அதனைச் சுருக்கினால் 19.3 வரவேண்டும். நம் நாட்டில் இக்கலையில் ஈடுபட்டோர் பெரும்பாலும் 16.5ஐயே ஏற்றுக்கொள்கின்றனர், ஏற்றால்தான் கடையில் கிடைக்கும் தண்டவாளத்தில் ஓட்டலாம், ஒருவர் வண்டியை மற்றவர் பாதையில் விடலாம். குறை மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. ஆயினும் நேர்முகமாக நின்று பார்த்தால், அகன்ற உடல் ஒடுங்கிய கால்மேல் நிற்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். காக்கா இதற்கு உடன்படவில்லை. பித்தளையில் தாமே அச்சுகளைக் கடைந்து, சக்கரங்களை அகற்றிப் பொருத்தி, மரக்கட்டைகளின்மேல் 19.3 இடைவெளியில் தாமே தண்டவாளம் பதித்துள்ளார். அதன் நீளம் ஆறடி. வளைவு இல்லை. பெட்டி அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் நகரும், அவ்வளவே.

மேசையின் மறுபுறத்தில் அவர் மகனின் பணி நடக்கின்றது. அவன் பொறியியல் படிப்பவன். 1962இல் அமெரிக்காவிலிருந்து முதன்முதல் வந்து, 1964 முதல் வாரணாசியில் செய்யப்பெற்ற டபிள்யூ.டி.எம்-2 டீசல் எஞ்சினின் உடலைக் கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சில் எடுத்திருக்கின்றான். தந்தை நாற்பது நாள் செய்வதை அவன் இரவு அச்சில் இட்டுக் காலையில் எடுக்கின்றான். அவ்வுடலுக்குள் பொருத்தியிருப்பது வெளிநாட்டு எஞ்சின் ஒன்றின் அடிப்பகுதி. தண்டவாளத்தில் பாயும் மின்சாரத்திலேயே கட்டளையும் கலந்து செல்லுமாம். ஒவ்வோர் எஞ்சினும் தன் எண்ணுக்குரிய கட்டளையை மட்டும் ஏற்று ஓடுமாம். எல்லாம் நன்றே. ஆனால் அதன் சக்கரம் 16.5. தந்தையின் பெட்டியை மகனின் எஞ்சின் இழுக்க முடியாது.

இவ்வழக்கு எம்மிடம் வந்தது. “சின்ன வாப்பா, நீங்களாவது சொல்லுங்கள். ஓடாத வண்டி எதற்கு?” என்றான் மகன். யாம் காக்கா பக்கமே நின்றோம். ஓசை இடறுகிறதென்று ஏட்டிலுள்ள பாடத்தைத் தம் விருப்பம்போல் திருத்திய பதிப்புகளைக் கண்டு யாம் பலகால் நொந்ததுண்டு. அப்பாடல் பின்னர் எளிதாகத்தான் ஓடும். ஆனால் அது வேறு பாடல். இதைச் சொன்னபோது பிள்ளை சிரித்துவிட்டான். அவன் வாதத்திலும் ஒரு நியாயம் உண்டு. பிறர் பாதையில் ஓடும் வண்டி அவனுக்கு நண்பர்களைத் தந்திருக்கின்றது. காக்காவுக்கு இக்கலையில் துணை எவருமில்லை.

அந்த ஜெயந்தி ஜனதா செல்லும் வழி இன்று புனேயுடன் முடிகிறது. அதிலே ஏறித்தான் காக்கா ஜோஷியின் அருங்காட்சியகத்துக்குச் சென்று வந்தார். அங்கே எல்லா வண்டிகளும் ஓடுகின்றன, அழகாகவே ஓடுகின்றன, ஆனால் தமக்கு வேண்டியது நிற்கும் வண்டிதான் என்று வந்ததும் சொன்னார். அப்பொழுதுதான் எமக்கு விளங்கிற்று. அந்த ஆறடியும் பாதை அன்று. நாகர்கோவில் நிலையத்தின் நடைமேடை ஓரம். அவர் செய்துகொண்டிருப்பது 1992ஆம் ஆண்டின் ஒரு மாலைப்பொழுது.

எம் வாப்பா கோட்டாற்றுக் கடைத்தெருவில் கணக்கெழுதியவர். அன்று வழியனுப்ப வந்து சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றார்கள். 2004இல் அவர்கள் மௌத்தானபோது காக்காவால் வர இயலவில்லை. செய்தி சேர்ந்து, விடுப்புச் சீட்டில் ஒப்பம் கிடைப்பதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை.

இப்பொழுது மேசைமேல் நடைபெறும் பணி அதுதான். வாப்பா நல்ல உயரம். 87இல் ஒரு பங்காக்கினால் இருபது மில்லிமீட்டர். செம்பு இழையில் எலும்பு கட்டி, மெழுகுபோன்ற பசையால் உடல் சமைத்து, வெள்ளை வேட்டியும் சட்டையும் தீட்டியாயிற்று. முதல் நான்கு உருவங்கள் பிடிக்கவில்லையென்று ஒதுக்கப்பட்டுவிட்டன. ஐந்தாவதன் வலக்கை சன்னல் கம்பியின் உயரத்துக்குச் சரியாக வந்திருக்கின்றது. தலையில் தொப்பி மட்டும் இன்னும் ஆகவில்லை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அதன் விளிம்பைத் தீட்டத்தக்க தூரிகை கையில் இல்லை. சென்ற வாரம் வடசேரிக் கடையில் சொல்லி வைத்திருக்கின்றார்.