சலங்கைச் சத்தம் கேட்குதாப்பா?

திருச்சிப் பக்கத்தில் மைக் செட் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறார் அந்த ரசிகர். வயது 56. பாட்டுக் கேட்பதற்காகவே இந்தத் தொழிலுக்கு வந்தவர் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவரும் மறுத்ததில்லை. பங்குனி, சித்திரை வந்துவிட்டால் கோயில் திருவிழா, ஆடியில் அம்மன் கூழ் ஊற்றும் விழா. எங்கே மெல்லிசைக் கச்சேரி நடந்தாலும் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார். யார் எந்தப் பாட்டில் பல்லவிக்குத் திரும்பும்போது மூச்சு வாங்குவார், எந்த இடத்தில் எக்கோவைக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

புதுப் பாட்டு என்றால் அந்தக் காலத்தில் கேசட். ஏ பக்கம், பி பக்கம் என்று மொத்தப் பாட்டும் ஒரே நாளில் கைக்கு வரும். கடையைச் சாத்திவிட்டு முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசையாகக் கேட்பார். முதல் தடவை பிடிக்காத பாட்டுதான் பல நேரங்களில் வருஷக்கணக்கில் நின்றது என்பது அவர் அனுபவம். 1992-ல் ‘ரோஜா’ வந்தபோது, கூம்பு ஸ்பீக்கரில் அந்தப் பாட்டுகளின் அடிச்சத்தம் வரவே இல்லை. அதற்காகவே கடன் வாங்கிப் பெரிய பெட்டி ஸ்பீக்கர் இரண்டு இறக்கினார். வீட்டில் திட்டு விழுந்தது. ஆனால் அடுத்த சீசனில் அந்தப் பெட்டிகள்தான் கடனை அடைத்தன.

இப்போது பாட்டு வெளியாகும் விதமே வேறு. படம் வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே ஒரு பாட்டு, பிறகு இன்னொன்று என்று தனித்தனியாக செல்போனில் வந்து விழுகின்றன. முழுப் பாட்டு வருவதற்குள் அதன் 30 விநாடித் துண்டு ஊரெல்லாம் சுற்றிவிடுகிறது. சென்னையில் வேலை பார்க்கும் மகள்தான் அவருக்கு இந்த உலகத்தின் வாசல். புதுப் பாட்டு வந்த அன்று ராத்திரியே லிங்க் அனுப்புவாள். அவர் கேட்டுவிட்டு மார்க் போடுவார். “அனிருத்துக்கு 6 மார்க்தானா? அநியாயம்ப்பா!” என்று அவள் சண்டைக்கு வருவாள். வாரத்தில் மற்ற பேச்செல்லாம் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும். பாட்டுப் பேச்சுதான் அரை மணி நேரம் ஓடும்.

அப்படி ஒரு ராத்திரி அவள் அனுப்பிய பாட்டோடு ஒரு குறிப்பும் வந்தது. “ரெண்டாவது சரணத்துல பின்னாடி மெலிசா ஒரு சலங்கை வருது பாருங்க, செம!”

அவர் கேட்டார். சலங்கை இல்லை. இன்னொரு தடவை கேட்டார். போன் சரியில்லை என்று ஹெட்போனை மாற்றினார். கடைக்குப் போய் நல்ல ஸ்பீக்கரில் போட்டார். வயலின் வந்தது, தவில் வந்தது, குரல் வந்தது. சலங்கை வரவில்லை. கடைப் பையனைக் கூப்பிட்டு, “ஏதாச்சும் சலங்கை கேக்குதாடா?” என்றார். “நல்லாக் கேக்குதேண்ணே, ஆரம்பத்துலேர்ந்தே வருது” என்றான் அவன்.

மகளிடம் “சூப்பர் பாட்டு, 8 மார்க்” என்று மட்டும் சொன்னார். மறுவாரம் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனார்.

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, ஒவ்வொரு சுருதியாகச் சத்தம் கொடுத்துப் பரிசோதித்தார்கள். வந்த வரைபடத்தில் கோடு பாதி தூரம் நேராகப் போய், 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளத்தில் விழுந்தது. அதிக சத்தத்தில் பல வருடம் வேலை செய்தவர்களின் காதில் முதலில் கெடுவது இந்த இடம்தான் என்றார் டாக்டர். உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்செல்கள்தான் சத்தத்தை மூளைக்குச் சொல்கின்றன. அவை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. சலங்கை, ஜால்ரா, சிம்பல் எல்லாம் மேல்சுருதிச் சத்தங்கள். பேச்சில் ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ போன்ற எழுத்துகளும் அங்கேதான் இருக்கின்றன. சில வருடங்களாக அவர் வீட்டில் எல்லோரையும் “என்ன சொன்னே?” என்று கேட்டுக்கொண்டிருந்ததற்கும் அன்றுதான் காரணம் தெரிந்தது.

“அப்ப பாட்டை விட்டுடணுமா டாக்டர்?”

“பாட்டை விட வேண்டாம். ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி உட்காருங்க.”

சத்தம் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். 100 டெசிபலில் அது 20 நிமிடத்துக்குச் சுருங்கிவிடுகிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் காது தாங்கும் நேரம் பாதியாகிறது. இசை அரங்குகளில் சராசரிச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2022-ல் அந்த நிறுவனம் ஒரு வரையறையும் கொடுத்தது. திருவிழாப் பந்தலில் இதை யார் அளந்தார்கள்? ஆம்ப்ளிஃபயர் பக்கத்து ஸ்டூலில் 35 வருஷம் உட்கார்ந்த கணக்கை அவரே போட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

மூன்று மாதம் எந்தக் கச்சேரிக்கும் போகவில்லை. புதுப் பாட்டும் கேட்கவில்லை. மகள் லிங்க் அனுப்பினால் “அப்புறம் கேக்கறேம்மா” என்றார். அவளுக்குச் சந்தேகம் வந்து அம்மாவிடம் விசாரித்து விஷயத்தைக் கறந்துவிட்டாள். அழுதாளா, கோபப்பட்டாளா என்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும். அடுத்த மாதம் சென்னையில் நடந்த இளையராஜா கச்சேரிக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டு, “கிளம்பி வாங்க” என்று போன் செய்தாள்.

இடத்தை மட்டும் அவர் தேர்ந்தெடுத்தார். பெரிய மைதானத்தில் மேடைக்கு நேர் எதிரே, கூட்டத்தின் நடுவில் ஒலிப்பதிவாளரின் மிக்ஸர் மேஜை இருக்கும். தன் காதுக்குச் சரியாக இருக்கும்படிதான் அவர் சத்தத்தை அமைப்பார். ஆகவே அதன் பக்கத்தில் இருப்பதுதான் நல்ல இடம் என்பது தொழில் ரகசியம். முன்வரிசையில் ஸ்பீக்கர் நெஞ்சில் குத்தும். ரொம்பப் பின்னால் போனால், திரையில் வாய் அசைந்த பிறகுதான் பாட்டு வந்து சேரும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். காதுக்கு அடைப்பானும் வாங்கியிருந்தார். சாதாரண ஸ்பான்ஞ் அடைப்பான் மேல்சுருதியைத்தான் அதிகம் தடுக்கும், பாட்டு போர்வைக்குள் கேட்பது போல ஆகிவிடும். இசைக்கலைஞர்கள் போடும் வகை எல்லாச் சுருதியையும் ஒரே அளவாகக் குறைக்கும்.

அன்று ஒரு பாட்டு தொடங்கியதும் எங்கோ பிசிறடிக்க, ராஜா கையைக் காட்டி நிறுத்தி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். அவர் கச்சேரிகளில் இது புதிதல்ல. கூட்டம் அதற்கும் கைதட்டியது. பதிவில் கழுவித் துடைத்துக் கேட்கும் பாட்டுக்குப் பின்னால் எத்தனை பேர் ஒரே நேரத்தில் மூச்சுப் பிடித்து நிற்கிறார்கள் என்பது மேடையில்தான் தெரிகிறது. இடையிசையில் புல்லாங்குழல் தனியாக வந்தபோது பக்கத்தில் இருந்த 20 வயதுப் பையன்கள் விசிலடித்தார்கள்.

அப்புறம் ஒரு கிராமியப் பாட்டு. தாளக் கலைஞர் ஒருவர் சலங்கைக் கொத்தை எடுத்ததை மகள்தான் திரையில் காட்டினாள். அவர் அந்தக் கையையே பார்த்தார். கை அசைந்த ஒவ்வொரு தடவையும் சலங்கை கேட்டது போல இருந்தது. காதால் கேட்டாரா, 40 வருஷப் பழக்கத்தில் மனசு வாசித்துக்கொண்டதா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“கேக்குதாப்பா?”

“தெரியுதும்மா” என்றார்.

இப்போது அவர் கச்சேரிக் கணக்கு மாறியிருக்கிறது. தை மாதம் திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்குப் போகிறார். காவிரிக் கரையில் வித்வான்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்து நாட்டையில் தொடங்கி ஸ்ரீராகம் வரை ஐந்து கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுவார்கள். டிக்கெட் கிடையாது. மார்கழியில் சென்னைக்குப் போனால் பெரிய சபாக்களைவிட மயிலாப்பூர் ராகசுதா அரங்கம் போன்ற சின்ன இடங்களைத் தேடுகிறார். எல்லோரும் கேன்டீனுக்கு எழுந்து போகும் தனி ஆவர்த்தனத்தின்போது முன்னால் நகர்ந்து உட்கார்ந்து மிருதங்கக்காரர் விரலைப் பார்க்கிறார்.

கடையிலும் மாற்றம். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஸ்டூல் கிடையாது. வேலைக்கு வரும் பையன்கள் காதில் அடைப்பான் இல்லாமல் ஸ்பீக்கர் பக்கம் போனால் கூலியில் பிடிப்பேன் என்று மிரட்டி வைத்திருக்கிறார். இதுவரை யாருக்கும் பிடித்ததில்லை.

புதுப் பாட்டு லிங்க் மறுபடி வர ஆரம்பித்துவிட்டது. கூடவே மகள் ஒரு பட்டியலும் அனுப்புகிறாள்: எத்தனையாவது விநாடியில் சலங்கை, எங்கே ஜால்ரா, எங்கே மெல்லிய மணி என்று. அதை வைத்துக்கொண்டு அவர் மெதுவான சத்தத்தில் கேட்கிறார். போன வாரப் பாட்டுக்கு 7 மார்க். அனிருத்துக்கு இன்னும் 6-தான்.