காற்று கற்பித்த பாடம்

இயற்பியல், மூன்றாம் ஆண்டு

அனலைக் கூட்டினால் எதுவும் வெந்துவிடும் என்றே நானும் எண்ணியிருந்தேன். சென்ற கோடை விடுமுறையில் அந்த எண்ணம் கருகியது.

கல்லூரிக் கட்டணத்திற்காக ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் கூலி வேலைக்குச் சேர்ந்தேன். குகை போன்ற நீண்ட அடுப்பு. ஒரு முனையில் நுழையும் மாவு வில்லைகள், இரும்பு வலைப் பட்டையில் ஊர்ந்து, ஏறத்தாழ 6 நிமிடத்தில் மறுமுனையில் பிஸ்கட்டாக வெளிவரும்.

ஒரு நாள் வலப்பக்க வரிசைகள் சிவந்தன. இடப்பக்கம் வெளுத்தே வந்தது. யாரையும் கேளாமல் சூட்டைக் கூட்டினேன். இடப்பக்கம் சற்றே நிறம் கண்டது, வலப்பக்கமோ கரியாயிற்று! மேலாளர் இரண்டு நாள் கூலியைப் பிடித்துவிட்டார்.

அடுப்பு மேஸ்திரி வந்தார். "சூட்டுல குறை இல்ல தம்பி. காத்துதான் ஒரு பக்கமா ஓடுது" என்றார்.

வில்லையை ஈரக்காற்று போர்வைபோல் மூடியிருக்கும். வீசும் வெங்காற்று அதை விலக்கினால்தான் வெப்பம் உள்ளிறங்கும். காற்று மிகுந்த பக்கம் முந்திச் சிவக்கும். வகுப்பில் படித்த வெப்பச்சலனம் அன்றுதான் எனக்கு விளங்கியது.

இடப்பக்கக் காற்றுக்குழாயின் டாம்பர் பாதி மூடிக் கிடந்தது. முதல்நாள் தூசி துடைக்கையில் அதன் கைப்பிடியை நகர்த்தியவன் நானே! சொல்வதா, மறைப்பதா? சொல்லிவிட்டேன்.

"சரி, நீயே திற" என்றார் அவர். முதலில் சூட்டைப் பழைய அளவுக்குக் குறைத்தேன். டாம்பரைச் சிறிது திறப்பது, 6 நிமிடம் காத்திருந்து பார்ப்பது, மீண்டும் சிறிது திறப்பது. மூன்றாம் முறை எல்லா வரிசையும் ஒரே பொன்னிறம்!

பிடித்த கூலி திரும்பவில்லை. கட்டணத்திற்குக் குறைந்ததை அம்மா கடன் வாங்கித் தந்தார். ஆயினும் அந்த இரண்டு நாள் கூலிக்கு நான் பெற்ற பாடம் மலிவே.