பேராவூர் ஜிம்மி ஜார்ஜ்



நம்ம காரைக்குடிப் பக்கம் பொட்டலில் இரண்டு கம்பு நட்டு நெட் கட்டி ஆடும் பிள்ளைகளிடம் ஜிம்மி ஜார்ஜ் யாரென்று கேட்டேன். ஒருவனுக்கும் தெரியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

கேரளத்தில் கண்ணூர் பக்கம் பேராவூர். 1955இல் பிறந்தார். அப்பாதான் முதல் கோச். வீட்டில் எட்டு ஆண் பிள்ளைகள், எட்டுப் பேரும் வாலிபால்! (ஓர் அணிக்கு ஆறு பேர் போதும், மிச்சம் இரண்டு பேர் சப்ஸ்டிட்யூட் போல.) நீளம் தாண்டிய அஞ்சுவின் கணவர் பாபி, இவருடைய தம்பிதான்.

16 வயதில் கேரள அணி. 21 வயதில் அர்ஜுனா விருது. பிறகு அபுதாபி, இத்தாலி கிளப்புகள். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் ஜப்பானை வென்று வெண்கலம் வாங்கிய இந்திய அணியிலும் இருந்தார். மறு வருடமே இத்தாலியில் கார் விபத்து. வயது 32. மோன்திகியாரி என்ற ஊரில் ஒரு விளையாட்டரங்கத்துக்கே அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். எங்கிருந்தோ போன பிள்ளைக்கு!

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "பையன் பத்தாவது வந்துட்டான், வாலிபாலை நிறுத்திடலாமா சார்?" சாயங்காலம் ஒரு மணி நேரம்தானே, விடுப்பா என்றேன்.

"சரி சார். அவங்க அம்மாகிட்ட மட்டும் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

நாளைக்குப் போகிறேன்.