எந்தக் கல்?

மே 4, ஞாயிறு, இரவு

கிளினிக்கைப் பூட்டப் போகிற நேரத்தில் குரோம்பேட்டையிலிருந்து ஒரு கடுவன் பூனையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெயர் சின்னு. நாலு வயது, கருத்தடை ஆனது, வீட்டைவிட்டு வெளியே போகாதது, சாப்பாடு முழுக்க உலர்தீனி. "ரெண்டு நாளா முக்கிக்கிட்டே இருக்கு டாக்டர். மலச்சிக்கல்னு நெனச்சு வெளக்கெண்ணெய் குடுத்தோம். சூடு பிடிச்சிருக்கும்னு பாட்டி எளநியும் ஊட்டிவிட்டாங்க" என்றான் பையன்.

வயிற்றைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. சிறுநீர்ப்பை சாத்துக்குடி போல உருண்டு, அழுத்தினால் கொஞ்சமும் அமுங்காமல் நின்றது. குறியின் நுனி நக்கி நக்கிச் சிவந்து கிடந்தது. குடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; மூத்திரம் அடைத்திருக்கிறது. கிளினிக்குக்கு வந்து மிரண்டு நிற்கும் பூனையின் இதயம் நிமிடத்துக்கு 180, 200 என்று ஓட வேண்டும். சின்னுவுக்கு 110.

சிறுநீர் வெளியேறாதபோது பொட்டாசியமும் வெளியேறுவதில்லை. அது ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பைத் தளர்த்திக்கொண்டே போய்க் கடைசியில் நிறுத்திவிடும். முழு அடைப்பு விழுந்த கடுவன் இரண்டு மூன்று நாளைத் தாண்டுவது அரிது. இளநீரில் இருப்பதும் பொட்டாசியம்தான். அன்போடு ஊட்டிய ஒவ்வொரு கரண்டியும் அந்த இதயத்தின் மேல் ஏறிய சுமை. பாட்டியிடம் இதை இன்றிரவு சொல்ல மனம் வரவில்லை. பையனிடம் மட்டும் தனியாகச் சொன்னேன்.

இ.சி.ஜி.யில் பி அலையைக் காணோம், டி அலை கூர்ந்து உயர்ந்திருந்தது. முதலில் கால்சியம் குளுக்கோனேட், நரம்பில், மெதுவாக, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். அது பொட்டாசியத்தைக் குறைக்காது. இதயத்துக்குச் சற்று நேரம் காவல் நிற்கும், அவ்வளவுதான். அந்த இடைவெளியில் இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும். பிறகு மயக்கம் கொடுத்து, மெல்லிய கத்தீட்டரைச் செலுத்தி, சலைனை விட்டு விட்டு அலசினேன். கடுவனின் மூத்திரக்குழாய் குறிக்குள் போகும் இடத்தில் மிகவும் குறுகிவிடும். அடைப்பு பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது. சட்டென்று தடை விலகி, சாம்பல் நிறக் கூழ் ஒன்று ட்ரேயில் விழுந்தது. விரல்களுக்கு நடுவே தேய்த்தால் நறநறவென்று மணல். அதன் பின்னால், ரத்தம் கலந்த சிறுநீர், நிற்காமல்.

மே 5, திங்கள்

அடைப்பு நீங்கியபின் சிறுநீரகம் அணை திறந்தாற்போலக் கொட்டும். வெளியே போகிற அளவுக்கு உள்ளே ட்ரிப்ஸ் ஏற்றாவிட்டால், பிழைத்த பூனை வறண்டே செத்துப்போகும். பையில் சேர்ந்ததை அளந்து அளந்து எழுதிக்கொண்டிருந்தோம். மாலையில் துடிப்பு 170. தலையைத் தூக்கிப் பார்த்தது.

சிறுநீரில் ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன், வந்த சூட்டோடு. ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துப் பார்த்தால் உடம்பில் இல்லாத படிகங்கள்கூடக் குளிரில் உருவாகிக் கண்ணை ஏமாற்றும். நிறமில்லாத நீள்சதுரப் பட்டகங்கள், இரு முனையும் சரிவாக. ஸ்ட்ரூவைட். மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்து படிவது.

மே 9, வெள்ளி

கோகோ, ஷிட்சு, ஆண், எட்டு வயது. காலைத் தூக்கிக்கொண்டு நெடுநேரம் நிற்கிறான். விழுவது சொட்டுச் சொட்டாக. வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற சார் ஒருவர் கொண்டுவந்தார். எக்ஸ்ரேயில் பை நிறைய வெள்ளைப் புள்ளிகள். மூத்திரக்குழாயில் ஒன்று தனியாக. ஆண் நாயின் குறிக்குள் ஒரு சிறிய எலும்பு உண்டு. குழாய் அதன் பள்ளத்துக்குள் புகும் இடத்தில் விரிய வழியில்லாததால் கல் அதற்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். சலைனை அழுத்தத்தோடு செலுத்தி அந்தக் கல்லைப் பைக்கே திருப்பித் தள்ளினேன். நாளைக்கு ஆபரேஷன்.

இரண்டு வருடம் முன்பு வேறோர் இடத்தில் இவனுக்கு இதே ஆபரேஷன் ஆகியிருக்கிறது. "அப்ப எடுத்த கல்லை என்ன பண்ணாங்க சார்?" என்று கேட்டேன்.

"ஒரு டப்பாவுல போட்டுக் காமிச்சாங்கம்மா. அப்புறம் அங்கயே குப்பையில போட்டுட்டாங்க."

பிறகு யாரோ சொன்னார்கள் என்று 'யூரினரி' என்று அட்டையில் போட்ட தீனியைக் கடையில் வாங்கிப் போட்டுவந்திருக்கிறார். சிறுநீரை அமிலமாக்கி ஸ்ட்ரூவைட்டைக் கரைக்கிற வகை அது. எந்தக் கல் என்று தெரியாமலே இரண்டு வருட வைத்தியம். அந்த டப்பாவில் இருந்த கல்லில் முழு விடையும் இருந்தது. கல்லைக் குப்பையில் போடுவதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

மே 10, சனி

பையைத் திறந்து கற்களை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினோம். பழுப்பு நிறம், முள் முள்ளாக. அந்த முனைகள்தான் பையின் உட்சுவரைக் கீறி ரத்தம் வரவைத்தவை. தையல் போட்டு முடித்ததும் மறுபடி எக்ஸ்ரே. உள்ளே ஒன்று தங்கிவிட்டால் அடுத்த மாதம் "கல் திரும்ப வந்துவிட்டது" என்பார்கள்; வந்திருக்காது, போகவே இல்லை.

கற்களைக் கழுவிக் காயவைத்து, உலர்ந்த டப்பாவில் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். ஃபார்மலினில் போடக்கூடாது, ஸ்ட்ரூவைட்டாக இருந்தால் அதில் கிடந்தே வேறு தாதுவாக மாறிவிடும். தோற்றத்தை வைத்து இது கால்சியம் ஆக்சலேட் என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் தாளில் வரட்டும். கரு ஒரு தாதுவாகவும் மேலோடு இன்னொன்றாகவும் இருக்கிற கற்கள் உண்டு; கண்ணால் பார்த்து முடிவு கட்டக்கூடாது.

மே 18, ஞாயிறு

ப்ரௌனி, லேப்ரடார், பெட்டை, ஆறு வயது. வீட்டுக்குள் அங்கங்கே சொட்டுகிறாள், நாற்றம் தாங்கவில்லை என்று கொண்டுவந்தார்கள். எக்ஸ்ரேயில் கோழிமுட்டையில் பாதி அளவுக்கு ஒரே கல், வழுவழுப்பாக. கல்ச்சரில் ஸ்டஃபைலோகாக்கஸ்.

நாய்களில் ஸ்ட்ரூவைட் பெரும்பாலும் தொற்றால் வருவது. அந்தக் கிருமி சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது, சிறுநீர் காரமாகிறது, தாது படிகிறது. பூனையில் அதே ஸ்ட்ரூவைட் பெரும்பாலும் கிருமி எதுவும் இல்லாமலே விளைகிறது. ஒரே கல்தான், வந்த வழி வேறு. அதனால் சின்னுவுக்குத் தீனியும் தண்ணீரும் போதும். ப்ரௌனிக்கு அதோடு ஆன்டிபயாடிக் வேண்டும், கல் கரைந்து முடியும்வரை இடைவிடாமல். கல்லின் அடுக்குகளுக்குள்ளேயே கிருமி புதைந்திருக்கிறது. ஒவ்வொரு அடுக்கும் கரையும்போது புதிதாக வெளியே வரும். வெறும் பத்து நாள் மாத்திரை கொடுத்து நிறுத்தினால் பழைய கதைதான்.

"இவ்ளோ பெரிய கல்லு தீனியில கரையுமா? அறுத்து எடுத்துடுங்களேன் டாக்டரம்மா" என்றார் அந்த வீட்டம்மா. கரையும் என்றேன். ஸ்ட்ரூவைட் என்று சந்தேகப்பட்டால், அடைப்பு இல்லாத விலங்குக்கு முதலில் கரைத்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரியின் ஒருமித்த பரிந்துரையே 2016-ல் வந்திருக்கிறது. நாய்க்கு இரண்டு மூன்று மாதம் ஆகலாம். தொற்றில்லாத பூனைக் கல் இரண்டு முதல் நாலு வாரத்தில் போய்விடும். ஒரு நிபந்தனை: அந்தத் தீனியைத் தவிர ஒரு பிஸ்கெட்கூடக் கூடாது. தயிர்சாதம் இல்லாமல் அவள் எப்படி இருப்பாள் என்று அம்மா கண் கலங்கினார். மாதம் ஒரு எக்ஸ்ரே எடுத்து, கல் சிறுக்கிறதா என்று இருவருமாகப் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினேன்.

மே 25, ஞாயிறு

டைகரைத் தடுப்பூசிக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று வயது டால்மேஷியன். கல் எதுவும் இல்லை இன்னும். ஆனால் பேச்சுவாக்கில், பக்கத்து வீட்டு நாய்க்குக் கல் வந்ததால் முன்னெச்சரிக்கையாக இவனுக்கும் அதே 'யூரினரி' தீனிப் பையை வாங்கிவைத்திருப்பதாகச் சொன்னார்கள். உடனே நிறுத்தச் சொன்னேன்.

மற்ற நாய்களின் கல்லீரல் யூரிக் அமிலத்தை அலன்டாயின் ஆக்கிவிடும். அது நீரில் எளிதில் கரைந்து போய்விடும். டால்மேஷியன் ஈரலிலும் அதற்கான நொதி இருக்கிறது. யூரிக் அமிலத்தைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் கடத்திதான் பழுது. எஸ்.எல்.சி.2ஏ9 என்ற மரபணுவில் உள்ள அந்தப் பிழையை 2008-ல் கண்டுபிடித்தார்கள். இந்த இனத்தின் எல்லா நாய்களுக்கும் அது உண்டு, ஒரு சிறு கிளையைத் தவிர. யூரேட் கல் அமிலச் சிறுநீரில் படிவது. ஸ்ட்ரூவைட்டைக் கரைக்கச் சிறுநீரை அமிலமாக்கும் தீனியை இவனுக்குப் போட்டால், கல்லைத் தடுப்பதாக நினைத்துக்கொண்டு விதைப்பதாக ஆகும். சாதாரண எக்ஸ்ரேயில் இந்தக் கல் பெரும்பாலும் தெரியாது, ஸ்கேன் வேண்டும். ஈரல், மத்தி, நெத்திலி கூடாது, பியூரின் அதிகம். டைகருக்கு வாரம் தவறாமல் ஆட்டு ஈரல் போடுகிறார்களாம்.

அந்தச் சிறு கிளையைப் பற்றி எழுதிவைக்க வேண்டும். 1973-ல் ராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியலாளர் ஒரு டால்மேஷியனைப் பாயின்டர் நாயோடு ஒரே ஒரு முறை சேர்த்தார். பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனோடே சேர்த்துக்கொண்டு வந்தார். புள்ளியும் உருவமும் டால்மேஷியன். சிறுநீர் மட்டும் மற்ற நாய்களைப் போல. அமெரிக்கன் கென்னல் கிளப் 1981-ல் அவற்றில் இரண்டைப் பதிந்துகொண்டு, இனத் தூய்மை கெடும் என்று எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவிட்டது. மறுபடி கதவு திறந்தது 2011-ல். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் அடைப்பில் துடித்த நாய்களுக்கு அந்தத் தூய்மையால் என்ன பயன்? வழி கையில் இருந்தும் தடுத்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

ஜூன் 3, செவ்வாய்

சின்னு மறுபரிசோதனைக்கு வந்தான். நன்றாக இருக்கிறான். பாட்டியும் வந்திருந்தார். எளநியைப் பற்றிப் பேரன் சொல்லியிருப்பான் போலும். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் குடிக்க வைப்பது எப்படி என்று பேசினோம்.

வீட்டுப் பூனையின் மூதாதை பாலைவனக் காட்டுப்பூனை. இரையின் ஈரத்திலேயே வாழ்ந்து, சிறுநீரைச் சுண்டக் காய்ச்சிப் பழகிய உடம்பு, தாகம் குறைவு. எலியிலும் பறவையிலும் முக்கால் பங்கு தண்ணீர். உலர்தீனியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குறைந்த ஈரத்தைக் குடித்து ஈடுகட்ட அதற்குத் தோன்றுவதில்லை.

தாதுவை மாற்றியே இதைத் தீர்த்துவிடலாம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1980களில் பூனைத் தீனியில் மெக்னீசியத்தைக் குறைத்தார்கள், சிறுநீர் அமிலமாகும்படி செய்தார்கள். ஸ்ட்ரூவைட் குறைந்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கார்ல் ஆஸ்போர்ன் தொடங்கிய கல் ஆய்வு மையத்துக்கு 1981-ல் வந்த பூனைக் கற்களில் நூற்றுக்கு இரண்டு அளவில்தான் கால்சியம் ஆக்சலேட் இருந்தது. 1990களின் நடுவில் அது ஸ்ட்ரூவைட்டை முந்திவிட்டது. ஒன்று கரையக்கூடியது, மற்றது கரையாதது. தண்ணீர் மட்டும்தான் எந்தக் கல்லுக்கும் பகை.

ஈரத்தீனி, அல்லது உலர்தீனியில் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது. தீனித் தட்டுக்குப் பக்கத்தில் இல்லாமல் தள்ளி, இரண்டு மூன்று இடத்தில் அகலமான கிண்ணங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் மீன் வேகவைத்த தண்ணீர். பாட்டி முகம் மலர்ந்தது இதற்குத்தான். "அது என் வேலை" என்றார். இன்னொன்றையும் அழுத்திச் சொன்னேன்: வலிக்கிறது என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

ஜூன் 12, வியாழன்

கோகோவின் கல் அறிக்கை வந்தது. கருவிலிருந்து ஓடுவரை கால்சியம் ஆக்சலேட். சார் நேரிலேயே வந்துவிட்டார், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு. வாழைத்தண்டுச் சாறு கொடுக்கலாமா என்று முதல் கேள்வி. இந்தக் கல்லைக் கரைக்கும் சாறோ மருந்தோ தீனியோ இதுவரை இல்லை சார் என்றேன். கால்சியம் என்பதால் தயிரை நிறுத்திவிடவா? வேண்டாம், கால்சியத்தை மட்டும் வெட்டினால் குடலில் அதனோடு சேர்ந்து வெளியேற வேண்டிய ஆக்சலேட் ரத்தத்துக்குள் போகும். பசலைக்கீரை மட்டும் கூடாது. ரத்தத்தில் கால்சியம் சரியான அளவில் இருந்தது. அது கூடியிருந்தால் பாராதைராய்டைத் தேட வேண்டியிருந்திருக்கும்.

ஆபரேஷன் ஆன நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு மூன்று வருடத்துக்குள் இந்தக் கல் திரும்புகிறது. அதை மறைக்காமல் சொன்னேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

ஜூலை 20, ஞாயிறு

ப்ரௌனியின் எக்ஸ்ரே சுத்தம். கல் இருந்த இடத்தில் நிழல்கூட இல்லை. தீனியும் மருந்தும் இன்னும் ஒரு மாதம் தொடர வேண்டும். படத்தில் தெரியாத பொடி உள்ளே இருக்கலாம். அம்மா கேட்டதெல்லாம் தயிர்சாதம் எப்போது என்றுதான்.

கோகோவின் காலை முதல் சிறுநீரைச் சார் சிறு பாட்டிலில் கொண்டுவந்தார். அடர்த்தி பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மூடி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன்: நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு 1.017-ல் நின்றது. ஆபரேஷனுக்கு முன் 1.042. நாய்க்கு 1.020-க்குக் கீழே வைத்திருக்க வேண்டும். அவரையும் பார்க்கச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். இரவு பத்து மணிக்கு ஒரு முறை கூடுதலாக வெளியே கூட்டிப்போகிறாராம், நிறையத் தண்ணீர் குடிப்பதால்.

அடுத்த எக்ஸ்ரே அக்டோபரில், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. கல் திரும்பினாலும் கடுகைவிடச் சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டால், பையைச் சலைனால் நிரப்பி, மயக்கத்தில் நிமிர்த்திப் பிடித்து அழுத்தி வெளியேற்ற முடியும். கத்தி வைக்க வேண்டியதில்லை.