கோசம்பரியும் உப்பு முட்டையும்

ஓசூர்வாசிகளாகிய எங்களுக்குப் பாஷை மூன்று, நாக்கு ஒன்றுதான். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, அத்திப்பள்ளியைத் தாண்டினால் கன்னடம். ஆனால் ஸ்ரீராம நவமியன்று பானகத்தோடு கொடுக்கும் பாசிப்பருப்புக் கோசம்பரிக்கு மூன்று பாஷைக்காரர்களும் ஒரே மாதிரிதான் கையை நீட்டுகிறார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் பிரசாதமாக இருந்த இந்தப் பதார்த்தம் எங்கள் வீட்டில் தினசரி ஆகாரமாக மாறியதற்கு ஒரு காரணம் உண்டு.

1970-களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பிறகு லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் வந்தன. ராகிக் களி உண்டு, சூரியனோடு எழுந்து சூரியனோடு உறங்கிய ஊர், மூன்று ஷிப்டுகளாகப் பிரிந்தது. என் மகனும் அப்படி ஓர் ஆலையில்தான் வேலை பார்க்கிறான். இரவெல்லாம் விழித்திருந்து, விடியற்காலையில் பசியோடு வருவான்; ஆறு இட்டிலியைத் தின்றுவிட்டு அப்படியே படுத்துவிடுவான். முப்பத்து நான்காவது வயதில் அவனுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. "அரிசியைக் குறையுங்கள், பருப்பும் காய்கறியும் முட்டையும் கூட்டுங்கள்" என்றார் டாக்டர். சொல்வது சுலபம். விடியற்காலை ஐந்து மணிக்கு யார் அடுப்பு மூட்டுவது?

அப்போதுதான் பினாங்கில் பல வருஷங்கள் குடியிருந்துவிட்டு வந்த என் அத்தை சொன்ன உப்பு முட்டை நினைவுக்கு வந்தது. அங்கே சீனரும் மலாய்க்காரரும் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் பண்டம் அது. சீனர்கள் சாம்பலும் சுண்ணாம்பும் பூசி, வெள்ளைக்கரு கறுத்த பாகாக இறுகும்படி செய்யும் முட்டை ஒன்றும் உண்டு. 'நூறு வருஷத்து முட்டை' என்று அதற்குப் பெயர். உண்மையில் சில வாரம் அல்லது சில மாதம்தான். நமக்கு அந்தச் சிரமமெல்லாம் வேண்டாம், உப்பே போதும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் கால் கிலோ உப்பைப் போட்டுக் கொதிக்கவைத்து நன்றாக ஆறவிட வேண்டும். கீறல் இல்லாத புது முட்டைகளைக் கழுவித் துடைத்து, பீங்கான் ஜாடியில் அடுக்கி, மூழ்கும்படி உப்பு நீரை ஊற்ற வேண்டும். மேலே மிதக்காமல் ஒரு சிறு தட்டை வைத்து மூடிவிடலாம். ஓட்டிலுள்ள நுண்ணிய துவாரங்களின் வழியே உப்பு உள்ளே போகும். மஞ்சட்கருவிலுள்ள நீர் வெளியேறி அது இறுகும். மூன்று, நான்கு வாரத்தில் எடுத்து, பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வேகவைத்துத்தான் உண்ண வேண்டும். துர்நாற்றம் அடித்தால் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

கோசம்பரிக்குப் பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்தால் போதும், வேகவைக்க வேண்டியதில்லை. வெள்ளரிக்காயும் காரட்டும் துருவி, பச்சை மிளகாய், கொத்துமல்லி, ஒரு பிடி தேங்காய் சேர்த்து, கடுகு பெருங்காயம் தாளித்து, எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். இராயக்கோட்டைத் தக்காளி அகப்பட்டால் இன்னும் விசேஷம். உப்பு மட்டும் போடாதீர்கள். வெள்ளரி நீர் விட்டுச் சொதசொதவென்று ஆகிவிடும். தவிர, மேலே நறுக்கி வைக்கும் முட்டையிலேயே வேண்டிய உப்பு இருக்கிறது. ஓர் ஆளுக்கு அரை முட்டை போதும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பு முட்டையைத் தொடாமல், சாதாரண அவித்த முட்டையைச் சேர்த்துக்கொள்வதே நலம்.

வந்தது வம்பு. "ராமர் பிரசாதத்தில் முட்டையா?" என்று என் நாத்தனார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காந்தி மகாத்மாவைத் துணைக்கு அழைத்தேன். 1942-இல் ஆகாகான் மாளிகையில் சிறையிருந்தபோது ஆரோக்கியத்தைப் பற்றி அவர் எழுதிய சிறு நூலில், சேவலோடு சேராத கோழி இடும் முட்டையில் குஞ்சு பொரிக்காது. பால் அருந்துகிறவர் அதை உண்ண ஆட்சேபம் இருக்க வேண்டியதில்லை என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். இன்று பண்ணைகளிலிருந்து கடைக்கு வருவதும் பெரும்பாலும் அத்தகைய முட்டைதான்.

நாத்தனார் யோசித்தார். "மகாத்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் என் பாத்திரம் வேறே!" என்றார். அது நியாயம் என்று ஒப்புக்கொண்டேன். முட்டை இப்போது மகனுடைய தட்டில் மட்டும் ஏறுகிறது. கலவைப் பாத்திரத்தை எட்டிப் பார்ப்பதில்லை.

மூன்று மாதம் கழித்து இரத்தத்தைச் சோதித்ததில் சர்க்கரை சற்று இறங்கியிருந்தது. மாத்திரை நிற்கவில்லை, நிற்கும் என்று டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் விடியற்காலையில் வீடு திரும்புகிறவன் வயிறு கனக்காமல் உறங்குகிறான். ஒரு தாய்க்கு அதுவே பெரிய லாபம். ஆலைகள் இரவில் உறங்கப் போவதில்லை. அவற்றுக்காக விழித்திருக்கிற பிள்ளைகளின் தட்டில் என்ன இருக்கிறது என்பதையாவது வீட்டிலுள்ளவர்கள் விழித்திருந்து பார்க்க வேண்டாமா?