சவுக்கு மரத்துப் பொண்ணைத் தேடி...

ப்ளஸ் டூ இங்கிலீஷ் புக்ல சவுக்கு மரத்தைப் பத்தி ஒரு போயம் வருமே, ஞாபகம் இருக்கா? பரீட்சை எழுதின அன்னிக்கு சாயங்காலமே மறந்திருப்பீங்க. நானும்தான்!

போன மாசம் கொல்கத்தாவுல ஒரு சிம்போசியம். பேப்பர் பிரசன்டேஷன்ல முதல் ரவுண்டிலேயே அவுட் (அதை விடுங்க). ஹௌரா மெயில்ல போகும்போதே, அந்தப் போயம் எழுதின தோரு தத்தோட கடிதங்களை மொபைல்ல படிச்சுக்கிட்டே போனேன். ஹரிஹர் தாஸ் தொகுத்து 1921-ல் வந்த புத்தகம். அதனால, பசங்க விக்டோரியா மெமோரியலுக்குக் கிளம்ப, நான் மட்டும் மாணிக்தலா பக்கம் நழுவிட்டேன்.

முதல்ல கதை. தோரு 1856-ல் கொல்கத்தா ராம்பாகான்ல பிறந்தவர். ('பிறந்தவர்'னு எழுதவே கை வரலை. நம்ம செட்டுப் பொண்ணு. 'தோரு'ன்னே சொல்றேனே.) அண்ணன் அப்ஜு, அக்கா அரு, கடைக்குட்டி தோரு. 1865-ல் அப்ஜு போயிட்டான். 1869-ல் குடும்பமே ஐரோப்பாவுக்குக் கப்பலேறுது. 1871-லேர்ந்து கேம்பிரிட்ஜ். அங்கே பெண்களுக்குன்னு நடந்த சிறப்பு வகுப்புகளுக்கு அக்கா, தங்கச்சி ரெண்டு பேரும் போறாங்க. கிளாஸ்தான் உண்டு, பட்டம் கிடையாது. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுசா டிகிரி கொடுத்ததே 1948-லதான்! அங்கே ஃப்ரெண்ட் ஆனவள்தான் மேரி மார்ட்டின்.

1873-ல் ஊர் திரும்பினதுக்கு அப்புறம் மேரிக்குக் கடிதம், கடிதம், கடிதம்! சூயஸ் கால்வாய் 1869-லேயே திறந்தாச்சு. அப்படியும் ஒரு லெட்டர் போய்ச் சேர வாரக்கணக்காகும். அடுத்த வருஷமே அருவும் போயிட்டா. காசநோய். வயசு 20. அதையும் மேரிக்குக் கடிதத்துலதான் சொல்லணும்.

ஆனா படிச்சுப் பாருங்க, அழுமூஞ்சிக் கடிதங்களே இல்லை. பூனை, குதிரை, தோட்டம், புதுசா படிச்ச நாவல், அப்பாகூட சம்ஸ்கிருதம் கத்துக்கிறது, திரும்ப இங்கிலாந்து போகணும்ங்கிற ஏக்கம்னு பக்கத்துல உட்கார்ந்து பேசுற மாதிரியே இருக்கு. எனக்குப் பிடிச்ச இடம் ஒண்ணு சொல்றேன். ஒரு கடிதத்துல நம்ம ஊர்க்காரங்களை 'நேட்டிவ்ஸ்'னு எழுதிட்டா தோரு. அந்த வார்த்தை தப்புன்னு சுட்டிக்காட்டினது யார் தெரியுமா? வெள்ளைக்காரப் பொண்ணு மேரி! தோரு கொஞ்சமும் சமாளிக்கலை. வெட்கமா இருக்கு, இனிமே எழுத மாட்டேன்னு பதில் போட்டா. நம்ம குரூப்ல யாராவது இப்படித் திருத்தினா என்ன நடக்கும்? நேரா பிளாக்தான்!

மாணிக்தலா கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம். வெளியே ஹாரன், உள்ளே புல்லும் மௌனமும். அப்ஜு, அரு, தோரு மூணு பேரும் இங்கேதான். தோரு போனது 1877 ஆகஸ்ட் 30. அதே காசநோய். வயசு 21. அடுத்த வருஷம் எனக்கு 21. கணக்கு போட்டதும் வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு. அருவும் தோருவும் சேர்ந்து ஒரு நாவல் பிளான் பண்ணாங்க. தோரு எழுதணும், அரு படம் வரையணும். படம் வரலை. பிரெஞ்சுல எழுதின நாவல் 1879-ல் பாரிஸ்ல வந்தப்போ தோருவும் இல்லை. மேரியும் தோருவும் மறுபடி பார்த்துக்கவே இல்லை.

சவுக்கு மரம் இருந்தது பாக்மாரி தோட்ட வீட்டுல. இன்னிக்குப் பாக்மாரி முழுக்க வீடும் கடையுமா இருக்கு. ஒரு டீக்கடையில மண் குவளையில டீ வாங்கிட்டு, அரைகுறை ஹிந்தியில மரத்தைப் பத்திக் கேட்டேன். அவர் என்னை மேலேர்ந்து கீழே வரைக்கும் பார்த்துட்டுப் பாக்கி சில்லறையைக் கொடுத்தார்.

சாயங்காலம் ஜி.பி.ஓ. பெரிய வெள்ளை டூம். 1868-லேர்ந்து நிக்குது. மேரியோட கடிதங்கள் இது வழியாத்தான் வந்திருக்கணும்னு நினைச்சுக்கிட்டேன். ஒரு இன்லேண்ட் லெட்டர் வாங்கினேன். கல்யாணமாகிப் போனதுலேர்ந்து அக்காவுக்கும் எனக்கும் பேச்சு 'சாப்ட்டியா', 'ம்' அவ்வளவுதான். 'அன்புள்ள அக்காவுக்கு'ன்னு ஆரம்பிச்சு, பாக்மாரி டீக்கடை வரைக்கும் எழுதி, மடிச்சு ஒட்டியும் ஆச்சு. மேலே அட்ரஸ் எழுதப் போனப்போதான் தெரிஞ்சது. அக்கா வீட்டுக் கதவு நம்பரும் தெரியாது, பின்கோடும் தெரியாது.

வெட்கத்தோட மெசேஜ் தட்டினேன். உடனே பதில் வந்துச்சு:

"எதுக்குடா அட்ரஸ்? என்னாச்சு?"